ஒன்பது பெட்டிகளுக்கு ஒரே பெயர்: ஒரு கிணற்றடிச் செயற்றிட்டத்தின் நிகழ்வு ஆய்வு

யாழ் குடாநாட்டில் பல்கலைக்கழக மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் நடத்திய ஒரு பாடத்தின் பதிவு இது. நிறுவனம், ஊர், ஆட்கள் எவருடைய பெயரும் இல்லை. கீழே வரும் பிழைகளில் பெரியவை என்னுடையவை. அவற்றை அந்தந்தக் கட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

பாடத்தின் பெயர் ஆங்கிலத்தில் நீளமானது. வேலை இதுதான்: சிறிய கணினிப் பலகைகளில் சென்சர் பொருத்தி, அவற்றை வலையமைப்பில் இணைத்து, ஒன்றோடொன்று கதைக்கவைக்கும் எம்பெடெட் சிஸ்டங்களை மாணவர்களே கட்ட வேண்டும். 14 வாரம், 36 மாணவர், நால்வர் வீதம் ஒன்பது குழு.

பலகை ஈஎஸ்பி32. வைஃபை உள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு. குறைவு என்றாலும், 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டு, 200 ரூபாவுக்கு நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியபோது அந்தக் ‘குறைவு’ம் எங்களுக்குப் பெரிதாகிவிட்டது. அதனால் அடுத்த ஆண்டு காசு கையில் வந்ததும் எல்லாப் பலகைகளையும் ஒரே கடையில், ஒரே தொகுதியாக வாங்கினோம். இந்தச் சின்ன விடயம் பின்னால் ஒரு வேலை பார்த்தது.

செயற்றிட்டத்துக்குக் கிணற்றைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிக்கவும் இறைக்கவும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான். அந்த நன்னீர் கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால், மேலே கொஞ்சம் இறங்கினாலே கீழே உப்பு நிறைய ஏறும். ஆகவே நீர்மட்டத்தை அளப்பது பிள்ளைகளுக்கு வெறும் விளையாட்டாக இராது என்று நினைத்தேன்.

வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரர் சம்மதித்தார். வெங்காயமும் மிளகாயும் வைத்திருந்தார். கிணற்று நீர்மட்டம், மழைமானி, தொட்டி, மோட்டரின் மின்னோட்டம், காற்றின் வெப்பநிலை, நாலு பாத்திகளின் மண் ஈரம் என்று ஒன்பது குழுக்களுக்கும் ஒவ்வொன்று. பலகையும் சென்சரும் சேர்ந்த ஒவ்வொரு குழுவின் கருவியையும் ‘பெட்டி’ என்றே சொன்னோம். மோட்டர்க் கொட்டிலில் ஒரு றவுட்டரும், எல்லாத் தரவையும் வாங்கும் சிறு கணினியாக ஒரு ரஸ்பெரி பையும்.

மேசையில் எல்லாம் ஓடியது

தரவு அனுப்ப எம்க்யூடிடி நெறிமுறையை எடுத்தோம். 1999இல் அன்டி ஸ்ரான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எண்ணெய்க் குழாய்களை செய்மதி வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கென்றே செய்ததால் எங்கள் ஊருக்குப் பொருந்தும். இதில் அனுப்புபவரும் பெறுபவரும் நேரே கதைப்பதில்லை, நடுவில் செய்தியை வாங்கிக் கொடுக்கும் ஒரு மென்பொருள், புரோக்கர், இருப்பார். கல்யாணப் புரோக்கரை உதாரணம் காட்டி விளக்கினேன். வகுப்பு சிரித்தது, புரிந்தும் கொண்டது.

செய்முறை வகுப்பில் ஒரு குழுவின் தரவு மற்றக் குழுவைக் குழப்பக்கூடாது என்று, ஒவ்வொரு குழுவும் தன் மடிக்கணினியிலேயே தனிப் புரோக்கரை ஓட்டும்படி ஏற்பாடு செய்தேன். நேரம் மிச்சப்பட, ஓடக்கூடிய மாதிரி நிரல் ஒன்றையும் கொடுத்தேன். சென்சர் வாசிக்கும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு முன்னறிவிப்பு வந்தது. மண் ஈரக் குழு ஒன்றின் சென்சர் தனியே நன்றாக வாசித்தது, வைஃபையை இயக்கியதும் வாசிப்பு நின்றது. ஈஎஸ்பி32இல், சென்சர் தரும் வோல்ட்டை எண்ணாக மாற்றும் அனலொக் வாசிப்பிகள் இரண்டு உண்டு. வைஃபை ஓடும்போது இரண்டாவதைப் பயன்படுத்த முடியாது. அவர்கள் கம்பியைக் குத்தியிருந்தது அந்த இரண்டாவதுக்குரிய பின்னில் (pin, இணைப்பு முனை). வேறு பின்னுக்கு மாற்றச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். தனித்தனியே சரியானவை சேரும்போது பிழைக்கும் என்ற பாடம் அங்கேயே கிடந்தது. நான் அதைப் பின் இலக்கச் சிக்கலாகத்தான் பார்த்தேன்.

ஏழாம் வாரம் செய்துகாட்டல். ஒவ்வொரு குழுவும் தனியாக உள்ளே வந்து பத்து நிமிடம் காட்டியது. ஒன்பதும் ஓடின. எல்லோருக்கும் நல்ல புள்ளி.

எல்லாவற்றையும் சேர்த்த நாள்

ஒன்பதாம் வாரம், தோட்டத்துக்குக் கொண்டுபோக முன் ஆய்வுகூடத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே புரோக்கரில் இணைத்தோம். முதல் பெட்டி வந்தது. இரண்டாவதை இயக்கியதும் முதலாவது விழுந்தது. சில செக்கனில் முதலாவது எழும்ப, இரண்டாவது விழுந்தது. ஒன்பதையும் இயக்கியபோது திரையில் பெயர்கள் மின்னி மின்னி மறைந்தன. ஒரு வாசிப்பும் ஒழுங்காக நிற்கவில்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வைஃபை பலமில்லை, றவுட்டர் இத்தனை பேரைத் தாங்காது, ரஸ்பெரி பை சூடாகிவிட்டது. நானும் றவுட்டரைத்தான் சந்தேகித்தேன். வேறு றவுட்டர் கொண்டுவந்தோம், அலைவரிசையை மாற்றினோம், பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தோம். இரண்டு பின்னேரம் இப்படிப் போயிற்று. இரண்டே பெட்டி இருந்தாலும் சண்டை வருகிறதே, பிறகு றவுட்டர் எப்படிக் காரணமாகும் என்று ஆய்வுகூட உதவியாளர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகும் நான் றவுட்டரின் அமைப்புப் பக்கத்தில்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

விடையைக் கண்டது ஏழாம் குழுவில் அறிக்கை எழுதும் பொறுப்பில் இருந்த மாணவி. சோல்டர் பிடிக்கும் வேலையிலோ நிரல் எழுதும் வேலையிலோ அவரை யாரும் சேர்த்திருக்கவில்லை. அறிக்கைக்கு ஒரு படம் வேண்டும் என்று புரோக்கரின் பதிவேட்டைத் திறந்திருக்கிறார். நூற்றுக்கணக்கான வரிகள், எல்லாம் ஒரே மாதிரி: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இணைந்திருக்கிறார், பழைய இணைப்பை மூடுகிறேன்.

“சேர், எல்லா வரியிலயும் ஒரே பெயர்தான் கிடக்குது. ஒராள் வர மற்றாளைக் கலைக்குது.”

எம்க்யூடிடியில் ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாளப் பெயர் இருக்க வேண்டும். அதே பெயரோடு இன்னொருவர் வந்தால் புரோக்கர் முதல் வந்தவரை வெளியேற்றியே ஆக வேண்டும் என்பது விதி. வெளியேற்றப்பட்ட பெட்டி உடனே திரும்ப வரும், வந்து அடுத்ததைத் தள்ளும். ஒன்பது பேரும் ஒரு கதிரையும், பாட்டு நிற்காத சங்கீதக் கதிரை.

அந்த ஒரே பெயர் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. நான் கொடுத்த மாதிரி நிரலின் 14ஆம் வரி. ஒன்பது குழுவும் அதைத் தொடவில்லை. தொடத் தேவையும் வரவில்லை, ஏனென்றால் தனித்தனிப் புரோக்கரைக் கொடுத்து அந்தத் தேவையை எடுத்துவிட்டவனும் நான்தான். வலையமைப்புப் பாடத்திலிருந்து வலையமைப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏழு வாரம் படிப்பித்திருக்கிறேன்.

முதல் முடிவும் அதன் காரணமும்

பெயர்களை நானே பிரித்துக் கொடுத்திருந்தால் அன்று பின்னேரமே முடிந்திருக்கும். கொடுக்கவில்லை. பலகை தானே தனக்குப் பெயர் வைக்கும்படி செய்யுங்கள், நாளை நூறு பெட்டி வந்தாலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்றேன். ஒவ்வொரு பலகையிலும், வலையமைப்பில் அதை அடையாளம் காட்ட, தொழிற்சாலையில் பதித்த 6 பைட் மாக் முகவரி உண்டு. முதல் 3 பைட் உற்பத்தியாளருக்குரியது, கடைசி 3 பைட்தான் பலகைக்குப் பலகை மாறும். கடைசி மூன்றை எடுத்துப் பெயராக்க வேண்டும்.

நாலு குழுக்கள் எடுத்தன. ஏற்றிப் பார்த்தால் நாலும் மறுபடி ஒரே பெயர்! முகவரியை ஓர் எண்ணாகத் தரும் கட்டளை பைட்டுகளைத் தலைகீழாக அடுக்குகிறது. கடைசி மூன்று என்று நினைத்து வெட்டியது உற்பத்தியாளர் பகுதியை. பலகைகள் ஒரே தொகுதியில் வாங்கியவை, அதனால் அந்தப் பகுதி எல்லாவற்றிலும் ஒன்று. இம்முறை யாரும் றவுட்டரைக் குறை சொல்லவில்லை. நேரே பதிவேட்டுக்குப் போனார்கள், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டு நாளுக்கும் பத்து நிமிடத்துக்கும் இடையிலான இந்த வித்தியாசத்தைத்தான் அந்தச் செமஸ்டரில் உண்மையாக நடந்த கற்பித்தலாக நான் எண்ணுகிறேன். அதை நடத்தியது நானில்லை என்பது வேறு விடயம்.

இடையில் ஒரு குறும்பும் நடந்தது. கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும்படி புரோக்கரை வசதிக்காக அமைத்திருந்தேன். யாரோ கைத்தொலைபேசியிலிருந்து மழைமானியின் பெயரில் ஒரு நாளைக்கு 9000 மில்லிமீற்றர் மழை பெய்ய வைத்தார்கள். யார் என்று விசாரிக்கவில்லை. அன்றே பயனர்பெயர், கடவுச்சொல் பகுதியைப் படிப்பித்தேன். அதற்குத் தனி விரிவுரை தேவைப்படவில்லை.

கிணற்றடி

பதினோராம் வாரம் தோட்டத்துக்குப் போனோம். சோளகக் காற்றுக் காலம், செம்மண் தூசி எல்லாப் பெட்டிக்குள்ளும் போனது.

முதலில் பற்றரி. ஆய்வுகூடத்தில் யூஎஸ்பி வயரின் 5 வோல்ட்டில் ஓடியவை, இங்கே 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் ஓட வேண்டும். பலகையில் வோல்ட்டைக் குறைத்து நிலையாகக் கொடுக்கும் ரெகுலேட்டர் தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சம், பலகைக்கு வேண்டிய 3.3 வோல்ட்டுக்குக் காணாது. வைஃபை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் பாய, வோல்ட் சரிய, பலகை தன்னைத் தானே மீள இயக்கும். குறைந்த இழப்புள்ள ரெகுலேட்டரும் பெரிய கொள்ளளவியும் போட்டுச் சரிசெய்தோம். மோட்டர்க் குழு மின்னோட்டக் கவ்வியை இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, மோட்டர் ஓடும்போதும் பூச்சியம் வருகிறதே என்று முழித்தது. போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று கழித்துவிடும், ஒரு கம்பியில்தான் பூட்ட வேண்டும். இவையெல்லாம் எந்த ஆண்டும் வரும் சங்கதிகள்.

கிணற்றுக் குழுவின் கதை வேறு. கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நீர்புகா ஒலிச் சென்சரைப் பூட்டியிருந்தார்கள். ஒலி போய் நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, 58 மைக்ரோசெக்கனுக்கு 1 சென்ரிமீற்றர் என்று கணக்கு. கிணற்றின் ஆழம் 6.5 மீற்றர். பூட்டும்போது நீர் கட்டிலிருந்து 3.9 மீற்றர் கீழே நின்றது. திரையில் 40 வீதம். நாடாவால் அளந்து பார்த்தார்கள், சரி. படமும் எடுத்துக்கொண்டார்கள்.

தோட்டக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று உண்டு, நுனியில் ஒரு கல். அதை விட்டுப் பார்த்துத்தான் எவ்வளவு நேரம் இறைப்பது என்று முடிவெடுப்பார். அந்தக் கயிற்றை எங்களில் ஒருவரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் எனக்கு அழைப்பு வந்தது.

“சேர், பிள்ளையளின்ர பெட்டி கிணறு நூறு வீதம் நிரம்பிட்டுது எண்டு சொல்லுது. நான் இப்பதான் மோட்டரை நிப்பாட்டினனான். கயித்தில ரெண்டு முடிச்சு இறங்கிக் கிடக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ.”

குரலில் கோபமில்லை. கொஞ்சம் சிரிப்பு இருந்திருக்கலாம்.

நிரலில் எதிரொலிக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம் 25,000 மைக்ரோசெக்கன் என்று இருந்தது. அது ஏறக்குறைய 4.3 மீற்றருக்குத்தான் போதும். இரண்டு மணித்தியாலம் இறைத்ததில் நீர் 4.8 மீற்றருக்கு இறங்கிவிட்டது. எதிரொலி நேரத்துக்குள் வரவில்லை. வராவிட்டால் அந்தக் கட்டளை பூச்சியத்தைத் திருப்பிக் கொடுக்கும். பூச்சியம் சென்ரிமீற்றர் தூரத்தில் நீர் என்றால் கிணறு நிரம்பி வழிகிறது! ஆவணி வெயிலில், இறைத்து முடித்த கையோடு.

நிரல் வழுவில்லாமல், எழுதியபடியே ஓடியது. ‘தெரியவில்லை’ என்ற பதிலும் ‘பூச்சியம்’ என்ற பதிலும் ஒரே எண்ணில் வந்தன, அவ்வளவுதான்.

இரண்டாம் முடிவு: மோட்டரைத் தொடாதது

இந்த முடிவு முன்னரே, மூன்றாம் வாரத்தில் எடுத்தது. நீர்மட்டம் பார்த்து மோட்டர் தானாக ஓடி நிற்க வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினார்கள். செய்துகாட்டலில் அது நன்றாக எடுபடும். சக விரிவுரையாளர் ஒருவரும் அதையே சொன்னார். நான் மறுத்தேன். 230 வோல்ட் என்பது ஒரு காரணம். மோட்டர் வெறுமனே ஓடிக் கருகினால் அந்த மனிதரின் இறைப்பு கெடும், மிளகாய் நாலு நாள் தாங்காது என்பது மற்றது. அளவீடு குறைந்தது ஒரு போகம் ஓடி நம்பிக்கை தந்தபிறகு பார்க்கலாம் என்றேன். அப்போது என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்திருப்பார்கள். கிணறு ‘நிரம்பிய’ அன்று இரவு, மோட்டர் இணைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு மாணவர் எனக்கு அனுப்பினார். விடியும்வரை ஓடியிருக்கும்.

ஏழு நாள் ஓட்டம்

பன்னிரண்டாம் வாரம் ஏழு நாள் யாரும் தொடாமல் விடுவது என்று தீர்மானித்தோம். நல்லூர்த் திருவிழாக் காலம், எப்படியும் பாதிப் பேர் வரமாட்டார்கள். மூன்றாம் நாள் இரவு கறண்ட் நாற்பது நிமிடம் நின்றது. றவுட்டரும் புரோக்கரும் அணைந்தன. பெட்டிகள் பற்றரியில் உயிரோடு இருந்தன.

கறண்ட் வந்தபிறகு ஆறு பெட்டிகள் தாமாகத் திரும்பின. மூன்று திரும்பவில்லை. வைஃபை கிடைக்கும்வரை காத்திரு என்ற சுற்று அவற்றின் நிரலில் தொடக்கத்தில் மட்டுமே இருந்தது, ஓடும் நடுவில் அறுந்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்கவில்லை. அதுவும் என் மாதிரி நிரலின் குணம்தான்.

அதைவிடக் கவலையானது, மூன்றும் செத்துப்போனது இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான். திரைப் பக்கம் கடைசியாகக் கிடைத்த எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பாத்தியில் மண் ஈரம் 31 வீதம், தண்ணீர் கட்டியபோதும் 31, காய்ந்தபோதும் 31. எப்போது கேட்டது என்ற நேரம் பக்கத்தில் எங்குமில்லை. சரியான எண், பழைய எண். கண்டது மறுபடி அந்த ஏழாம் குழு மாணவிதான், இம்முறை படத்துக்காக இல்லாமல் வேண்டுமென்றே பார்த்து.

முடிவில் என்ன ஆனது

செய்துகாட்டல் புள்ளியை இரத்துச் செய்யலாமா என்று யோசித்தேன். செய்யவில்லை. விதி நான் போட்டது, அவர்கள் அதன்படி நடந்தார்கள். மிச்சமிருந்த இறுதி அறிக்கையை மட்டும் மாணவர் சம்மதத்தோடு மாற்றினேன். வடிவமைப்பை விவரிப்பதற்குப் பதிலாக, தங்கள் பெட்டியின் ஒரு தோல்வியைப் பதிவேட்டு வரிகளோடு தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டும். செய்துகாட்டலில் மிகப் பளபளப்பாக இருந்த குழுவின் அறிக்கை, “தொழில்நுட்பக் கோளாறு காரணமாக” என்ற சொற்றொடரைத் தாண்டிப் போகவில்லை. கிணற்றுக் குழுவின் அறிக்கையில் கயிற்று முடிச்சுகளுக்கும் சென்சர் வாசிப்புக்கும் ஓர் அட்டவணை இருந்தது. அதற்காக மட்டும் மூன்று தரம் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.

தோட்டக்காரரிடம் எது பயன்பட்டது என்று கேட்டேன். நீர்மட்டம் தனக்குக் கயிற்றிலேயே தெரியும், இறைத்தபிறகு தண்ணீர் திரும்ப ஊற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று சொன்னால்தான் உதவி என்றார். அதைக் கயிற்றால் பார்க்க இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியை நாங்கள் முதல் வாரமே கேட்டிருந்தால் செயற்றிட்டத்தின் வடிவமே வேறாக இருந்திருக்கும்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

அடுத்த மாணவர் தொகுதிக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே ஒரு பொதுப் புரோக்கர். ஒருவர் தரவு மற்றவரைக் குழப்பும், குழப்பட்டும். மாதிரி நிரலில் பெயர் வரியை வெறுமையாக விட்டு, அதை நிரப்பாதவரை நிரல் தொகுபடாதபடி செய்துவிட்டேன். வாசிப்பு இல்லாதபோது எண் எதுவும் அனுப்பக்கூடாது, திரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எத்தனை நிமிடம் பழையது என்று இருக்க வேண்டும். அறிக்கை எழுதுபவர், சோல்டர் பிடிப்பவர், நிரல் எழுதுபவர் என்ற பங்குகள் வாராவாரம் மாறும். இதற்கு மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் கூடுதலாக. செய்துகாட்டலில் நான் இடையில் எழும்பிப் போய் றவுட்டரின் வயரைப் பிடுங்குவேன். மறுபடி குத்தி ஐந்து நிமிடத்துக்குள் பெட்டி தானாகத் திரும்பாவிட்டால் பாதிப் புள்ளி போகும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே? வேறு நெறிமுறைகளை ஒப்பிடும் இரண்டு விரிவுரைகளை வெட்டினேன். பட்டதாரி ஒருவர் அவற்றின் பெயரே தெரியாமல் வெளியே போவது சரியில்லை என்று சக விரிவுரையாளர் இன்னும் வாதிடுகிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு கைநூலாகக் கொடுத்துப் பார்க்கிறேன், எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

எட்டுப் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம். கிணற்றுப் பெட்டி மட்டும் தோட்டக்காரர் கேட்டதால் அங்கேயே இருக்கிறது. எதிரொலிக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, இறைப்பு நின்றதிலிருந்து நீர் பழைய மட்டத்துக்கு வர எடுக்கும் நேரத்தை எழுதும்படி மாற்றியிருக்கிறது அந்தக் குழு. ஐப்பசி மழை தொடங்கிய வாரம் போய்ப் பார்த்தேன். திரைப் பக்கத்தில் ஆறு இரவுகளுக்கு நேரம் இருந்தது, ஓர் இரவு வெறுமையாக இருந்தது. சென்சரின் முகத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது.